துணி துவைக்கும் அறையில் ஒரு பேரம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன்னைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நீ அங்கேயே தங்கி இன்னும் நான்கு வருடம் ஆராய்ச்சி செய்வதற்கு நான் சரி என்று சொன்னேன் அல்லவா, அது சம்மதம் இல்லை, பேரம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதறிப்போய் உன் பேராசிரியை மேடத்திடம் ஓடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனைக் காதில் வைத்தாலே எனக்கு வியாபாரக் குரல் வந்துவிடுகிறது. அதனால் நம் பிளாஸ்டிக் கடையில் கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். வாளி வாங்க வந்த அம்மா ஒருவர், "என்ன முதலாளி, பரீட்சையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். எழுதி முடித்ததும் நம் கணக்கர் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். படிக்காமல் இருப்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டில் எல்லாம் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நீ கொடுத்தனுப்பிய கம்பளிக் காலுறையை இந்த வெயிலிலும் கழற்ற மாட்டேன் என்கிறாள். கேட்டால், "என் பொண்ணு வாங்கிக் குடுத்தது, உங்களுக்கு ஏன் வேர்க்குது?" என்கிறாள். கடைக்குப் புது நாற்காலி வந்திருக்கிறது. உட்கார்ந்தால் கால் வளைகிறது. திருப்பி அனுப்பும்வரை ஒல்லியான ஆட்களுக்கு மட்டும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

உன் அறை எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கட்டிலிலிருந்து கை நீட்டினால் மேஜை, மேஜையிலிருந்து கை நீட்டினால் ஜன்னல், எல்லாம் கைக்கெட்டும் வசதி என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து பேருக்குப் பொதுவான அந்தச் சமையலறையில், ஃபிரிட்ஜில் உனக்கென்று இருந்த தட்டில், பாலும் இரண்டு முட்டையும் பாதி முட்டைக்கோஸும் மட்டும் இருந்ததைச் சொல்லவில்லை. நிறைந்து வழிந்தது என்று சொன்னேன். நீயும் அப்படியே சொல்லிவிடு.

அதைப் பார்த்துவிட்டுத்தான், நீ வகுப்புக்குப் போன நேரத்தில் கடைத்தெருவுக்குப் போய் அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் மொத்தமாக வாங்கி வந்தேன். கட்டிலுக்கு அடியில் அடுக்கியது போக மிச்சம் கதவோரம் நின்றது. நீ வந்து கதவை முழுக்கத் திறக்க முடியாமல் ஒருக்களித்து நுழைந்து, "அப்பா, இது என் ரூமுப்பா, உங்க குடோன் இல்ல" என்றாய். நானும் சிரித்தேன். ஆனால் அந்த அரிசி எத்தனை மாதம் வரும் என்றுதான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது தீரும்வரை நானும் அங்கே இருப்பது போல ஓர் எண்ணம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறை. மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பழக்கதோஷத்தில் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் எந்தக் கம்பெனி முத்திரை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போர்வையை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, மேடம் என்னை ஆராய்ச்சிக்கு இங்கயே இருக்கச் சொல்றாங்க. இன்னும் நாலு வருஷம். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய்.

நான் நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன். "உன் இஷ்டம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. நீ எங்க இருந்தா என்ன" என்றேன். சொல்லிவிட்டுப் படியேறினேன்.

நீ வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். ஒரு சரக்கு எனக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் நான் என்ன செய்வேன் என்று பார்த்திருக்கிறாய். "வேணாம்ப்பா, நீயே வெச்சுக்க" என்று சொல்லிக் கடையை விட்டு இறங்கிவிடுவேன். நாலு அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து, "அண்ணே, என்னண்ணே கோவிச்சுக்கிட்டுப் போறீங்க, வாங்க, நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்று குரல் வரும். ஒன்றுமில்லாமல் தொழிலுக்கு வந்த நான் இந்த அளவுக்கு நிற்கிறேன் என்றால், முக்கால்வாசி அந்த நாலு அடியில் சம்பாதித்ததுதான்.

உங்கள் கட்டடப் படியிலும் மெதுவாகத்தான் ஏறினேன். காதைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினேன். மெஷின் சத்தம் கேட்டது. அப்புறம் உன் குரல். என்னைக் கூப்பிடவில்லை. போனில் அம்மாவிடம், "அப்பா சரின்னுட்டாரும்மா. இவ்வளவு ஈஸியா சொல்லுவாருன்னு நான் நினைக்கவே இல்ல" என்றாய். அப்படி ஒரு சந்தோஷம் உன் குரலில் கேட்டு வெகுகாலம் ஆகிறது. திரும்பி வந்து, இல்லம்மா, நான் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் மேலே போய், உனக்கு டீ போட்டு வைத்தேன்.

நான் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறப்பதற்குள்ளேயே உன் அம்மா பிடித்துவிட்டாள். "பொண்ணுகிட்டயும் கடையை விட்டு இறங்குனீங்களா? பின்னால இருந்து கூப்பிட அவ என்ன வியாபாரியா? நீங்க சொல்றதை அப்படியே நம்புற ஒரே ஆளு அவதான்" என்றாள். நான் கால் கழுவப் போய்விட்டேன்.

நீ கூப்பிட்டிருந்தால் என் விலையைச் சொல்லியிருப்பேன். இந்தப் படிப்பு முடிந்ததும் வந்துவிடு. கடையைப் பார்க்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே உனக்குப் பிடித்த ஒரு வேலைக்குப் போ. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைப்பக்கம் வந்து, வீட்டுக்குப் போகலாமாப்பா என்று கேள். அவ்வளவுதான் என் விலை.

அதைக் கேட்க வேண்டாம் என்று ஏன் முடிவு செய்தேன் என்பதையும் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் உன் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாய். மீனின் காதுக்குள் கல் இருக்கிறது, அந்தக் கல்லில் உள்ள வளையத்தை எண்ணினால் மீனின் வயது தெரியும் என்றாய். மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாய். எனக்குத் தெரிந்தது என் இமை முடிதான். தெரியுது, தெரியுது என்று சொல்லிவைத்தேன். அப்புறம் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு நீ உள்ளே போனாய்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மேடமும் இன்னும் சிலரும் சுற்றி நின்றார்கள். நீ பேசுவது எனக்குக் கேட்கவில்லை, கை போன வேகம் மட்டும் தெரிந்தது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் மறுத்தார். நீ விடவில்லை. அவரைக் குனிந்து பார்க்க வைத்தாய். வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் தலையாட்டினார். மேடம் உன் முதுகில் தட்டினார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை, நான் அங்கே இருப்பதே அப்போது உனக்கு ஞாபகம் இல்லை. யாரிடம் சரக்கு இருக்கிறது, யாரிடம் வாய் மட்டும் இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன், அது என் பிழைப்பு. உன்னிடம் சரக்கு இருக்கிறது. அதைக் கிளப்பிக்கொண்டு வந்து என் கண்முன்னால் அடுக்கி வைத்துக்கொள்வது சரியான வியாபாரம் இல்லை.

ஆகையால் வெள்ளிக்கிழமை உன் மேடத்திடம் இருக்கிறேன் என்றே சொல். இது முழுச் சம்மதம், எழுதியே தருகிறேன். ஆனால் அப்பா ஈஸியாகச் சொல்லிவிட்டார் என்று மட்டும் இனி யாரிடமும் சொல்லாதே. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். டிக்கெட்டோடு சேர்த்துக் காசு வாங்கிய சாப்பாட்டை நான் வேண்டாம் என்று சொல்லி நீ பார்த்திருக்கிறாயா?

இனி நிபந்தனை. வருடத்துக்கு ஒரு முறை நீ வர வேண்டும். நடுவில் ஒரு முறை அம்மாவும் நானும் வருவோம், அரிசி குறைவாக வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாவற்றையும் அம்மாவிடம் பேசித் தீர்த்துவிட்டு, என்னிடம் "வெச்சிரட்டுமாப்பா" என்று கேட்கக் கூடாது. எனக்கும் அந்த மீனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும், புரியாவிட்டாலும் கேட்டுக்கொள்வேன். பெரிய விஷயம் எதையும் துணி மடித்துக்கொண்டே கேட்காதே. முகத்தைப் பார்த்துக் கேள். நானும் நின்ற இடத்தில் நின்று பதில் சொல்கிறேன்.

நீ எடுத்த காரியம் நன்றாக நடக்கட்டும், உடம்பும் மனமும் திடமாக இருக்கட்டும். நான்கு வருடம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது. கூடுவதாக இருந்தால், முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட்டுக் கூடட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா