டைனமோவுக்குச் சத்தமே கிடையாது

அக்டோபர் 6, திங்கள்

சைக்கிள் விளக்கு இன்று உயிரை விட்டது. தண்ணீர்த் தொட்டி முனையில் திரும்பும்போது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, விளக்கு கழன்று விழுந்தது, என் பின்சக்கரமே அதன் மேல் ஏறி நசுக்கிவிட்டது. வேறு யார் மேலாவது பழியைப் போடலாம் என்றால் தெருவில் ஒரு ஈ காக்காய்கூட இல்லை.

அச்சகத்தில் காலண்டர் வேலை தொடங்கியாகிவிட்டது. இனி வருஷக் கடைசிவரை ஓவர்டைம்தான். இருட்டில் போய் இருட்டில் வர வேண்டும். விளக்கில்லாமல் ஆகாது. பேட்டரி விளக்கா, டைனமோ விளக்கா? மனைவியிடம் யோசனை கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள்.

இந்த "ஒண்ணுமில்ல" இப்போதெல்லாம் அதிகமாகிவிட்டது. கல்யாணமான புதிதில் தூங்கப் போகும்போதுகூட இவளிடம் பாதிக் கதை மிச்சம் இருக்கும். மறுநாள் காலையில் விட்ட இடத்தில் தொடங்குவாள். அப்படிப்பட்டவளுக்கு என்ன ஆயிற்று?

அக்டோபர் 8, புதன்

மச்சினன் வந்தான். செல்போன் கடை வைத்திருக்கிறான். சார்ஜ் போட முடியாத எதையும் அவன் பொருளாகவே மதிப்பதில்லை. கையோடு ஒரு பேட்டரி விளக்கு. எலுமிச்சம்பழ அளவு இருந்துகொண்டு எதிர்ச்சுவரையே வெள்ளையடித்த மாதிரி ஆக்குகிறது. ராத்திரி சொருகிவிட்டால் காலையில் தயார், அத்தான் கவலையே படவேண்டாம் என்றான்.

என் கட்சியை எடுத்துச் சொன்னேன். பேட்டரி என்பது இரவல் பலம். எந்த நேரத்தில் திருப்பிக் கேட்கும் என்று தெரியாது. டைனமோ அப்படியா? மிதித்தால் வெளிச்சம். நம் கால், நம் விளக்கு. யார் தயவும் வேண்டாம்.

அவள் தம்பி பக்கம் சேர்ந்துகொண்டாள். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சும்மாவா சொன்னார்கள். இரண்டு பேருக்கு எதிரே ஒருவன் என்ன செய்வது, வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

நான் சொன்னது நடந்தது. பாதி வழியில் பேட்டரி விளக்கு இரண்டு முறை கண்ணடித்துவிட்டு அணைந்தது. சார்ஜ் போட மறந்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறப்பவன் கையில் மறக்கக்கூடாத பொருளைக் கொடுத்தது யார்?

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அவள் கேட் கொக்கியில் கையை வைத்தபடி இருட்டில் நின்றிருந்தாள். ஏதோ சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். கோபம்தான், வேறென்ன.

அக்டோபர் 15, புதன்

டைனமோ வாங்கிவிட்டேன். பேட்டரி விளக்கு இழுப்பறைக்குள் போயிற்று.

அக்டோபர் 17, வெள்ளி

இதல்லவோ விளக்கு! பின்சக்கரத்தில் சாய்ந்துகொண்டு கூடவே சுற்றுகிறது. வேகமாக மிதித்தால் வெளிச்சம் கூடும், சோம்பினால் குறையும். சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது, அது ஒரு குறை. மிதிக்கவும் கொஞ்சம் கனமாக இருக்கிறது, அது இரண்டாவது. அதற்கென்ன, கால் எதற்கு இருக்கிறது.

சைக்கிள் கடைக்காரர் விற்கும்போதே "சத்தம் கொஞ்சம் ஜாஸ்திண்ணே, புதுசுல அப்படித்தான்" என்றார். தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்கும் மகராசனை இன்றுதான் பார்க்கிறேன். சத்தமாவது ஒன்றாவது. பூனை மாதிரிப் போகிறது வண்டி.

அக்டோபர் 21, செவ்வாய்

தொட்டி முனைக் கறுப்பு நாய் இத்தனை வருஷம் என்னை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இப்போது தெருவின் அந்தக் கோடியிலிருந்தே துரத்த ஓடிவருகிறது. புது விளக்கு கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது.

எதிர்வீட்டு டீச்சர் கேட்டருகே நின்று, "உங்க வண்டி கிளம்பினா எங்க வீட்ல எல்லாரும் எழுந்துடறோம்" என்றார். மனசுக்கு நிறைவாக இருந்தது. இந்த வயதிலும் ஒரு மனிதன் விடியும் முன்னால் உழைக்கப் போகிறான் என்றால் நாலு பேருக்கு உறைக்கத்தானே செய்யும். "நல்ல பழக்கம் டீச்சர், விடாதீங்க" என்று சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அடக்கமானவர்.

அக்டோபர் 26, ஞாயிறு

அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். போகும்போது குக்கரைக் காட்டி, மூன்று விரலை நீட்டி, மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொன்னாள். உள்ளே உருளைக்கிழங்கு. நான் அடுப்படியிலேயே நாற்காலி போட்டு, பேப்பரைப் பிரித்துக்கொண்டு, முதல் விசிலுக்குத் தவம் கிடந்தேன். ஒன்றுகூட வரவில்லை. கருகல் வாடைதான் வந்தது. கிழங்கு கரிக்கட்டை.

குக்கரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடி, ரப்பரையும் வெயிட்டையும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்காரன் பழசே நன்றாகத்தான் இருக்கிறது என்று முணுமுணுத்தான். தொழில் தெரியாதவன். அதுவும் இப்போதெல்லாம் எல்லோரும் நெஞ்சுக்குள்ளேயே பேசுகிறார்கள். வாயைத் திறந்து பேசுகிறவர் எங்கள் மேனேஜர் ஒருவர்தான்.

அவள் வந்து எல்லாம் கேட்டாள். குக்கரைப் பார்க்கவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 1, சனி

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "என் மேல கோவமா? டைனமோ வாங்கினதாலயா?" சிரித்தாள். இல்லையென்று தலையை ஆட்டினாள்.

தட்டு காலியாகும்வரை இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் இந்த டைரியில் எழுதிக் குவிப்பதே இதனால்தான். அச்சகத்தில் மடிப்புப் பிசகி ஒதுக்கிய டைரி, செப்டம்பர் இரண்டு தடவை வருகிறது, அக்டோபரே கிடையாது, இரண்டாவது செப்டம்பரைத்தான் அக்டோபர் என்று திருத்திக்கொண்டேன். இதனிடம்தான் மனசை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. வெளியே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்: பயமாக இருக்கு. இத்தனை வருஷம் கழிச்சு நான் இவளுக்கு அலுத்துப் போயிட்டேனா?

நவம்பர் 8, சனி

நாய்த் தொல்லை தாங்காமல், விளக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்துத் தரச் சொல்லிச் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த பெண்மணி சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார். எதிரே பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?" என்றேன்.

கடைக்காரர் பெடலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கல?"

"எந்தச் சத்தம்?"

அவர் மறுபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டு, என் கையைப் பிடித்து டைனமோவின் மேல் வைத்தார். தேனடை மேல் கை வைத்த மாதிரி விரலெல்லாம் அதிர்ந்தது. காதில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு மிதித்துப் போகத் தோன்றவில்லை. தள்ளிக்கொண்டே போனேன். நாய். டீச்சர். குக்கர். ஒவ்வொன்றாக வரிசையில் வந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. நல்ல பழக்கம், விடாதீங்கன்னு சொன்னேனே அந்த டீச்சர்கிட்ட! கடைசியில் அவள்.

வந்ததும் அவளை எதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "நீ ஏன் என்கிட்ட பேசறதில்ல?"

அவள் நிதானமாக, நான் உதட்டைப் பார்க்கும்படி சொன்னாள். "ஒண்ணை மூணு தடவ சொல்லணும். நாலாவது தடவ சொன்னா, ஏன் கத்தறேன்னு கேக்கறீங்க. கத்திக் கத்தி என்னங்க பேசறது? நல்ல விஷயம்கூட சண்டை மாதிரி ஆயிடுது. அதான் விட்டுட்டேன்."

"காது கேக்கலைன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அதையும் மூணு தடவ சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு எனக்கு அழுகையும் வந்தது, அதை மறைக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

டாக்டரிடம் போவதாம். காதில் மிஷின் மாட்டுவதாம். அதற்குள் பேட்டரியாம்! மச்சினன் போனிலேயே துள்ளுகிறான். முடியவே முடியாது. காலில் பலம் இருக்கிறவரை பேட்டரி தயவில் வாழ மாட்டேன் என்று ஊருக்கெல்லாம் பேசியவன் நான்.

நவம்பர் 10, திங்கள்

அச்சகத்தில் என் மடிப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் ஒரு காதுமூடி. சேர்ந்த புதிதில், இயந்திர இரைச்சலுக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது. இளவட்டத் திமிரில் ஆணிக்கு மாட்டிவிட்டேன். ஆணியின் காது இன்றுவரை நன்றாக இருக்கும். இன்று தூசி தட்டிப் போட்டுக்கொண்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பக்கத்து இயந்திரக்காரன் கேலி செய்தான். கட்டைக் குரல், ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

மாலையில் அவள் துணி மடித்துக்கொண்டே தனக்குத்தானே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பாட்டா, பேச்சா, தெரியவில்லை. எனக்கு வர வேண்டியது துணிக்குப் போகிறது.

டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 15, சனி

ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் நாலைந்து தடவை ஜோராக அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைப் பாவமாகப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

கட்டைச் சத்தமெல்லாம் கேட்கிறதாம். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் கைவிட்டுப் போயிருக்கின்றன. மேனேஜர் மிச்சம், மனைவி போய்விட்டாள். என்ன கணக்கு இது!

நடந்தால் தானாகவே சார்ஜ் ஆகிற மாதிரி, டைனமோ வைத்த மிஷின் ஏதாவது உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். அந்த அம்மா முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இருந்தா, உட்கார்ந்ததும் கேக்காம போயிடும். பரவாயில்லையா?" என்றார். பக்கத்தில் இவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அளவெடுக்கச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 22, சனி

காதில் பேட்டரி ஏறியாகிவிட்டது.

என் செருப்புக்குச் சத்தம் இருக்கிறது. பேப்பரைத் திருப்பினால் சரசரக்கிறது. ஆயுசெல்லாம் காகிதம் மடித்தவனுக்கு இது மறந்தே போயிருக்கிறது. குழாய் சொட்டுகிறது. எத்தனை நாளாகச் சொட்டுகிறதோ. அடுப்படியில் குக்கர் விசில் அடித்ததும் நான் அரையடி எழும்பிவிட்டேன். அவள் வாசற்படியில் நின்று, "ஏங்க" என்றாள். சும்மா, சோதனைக்கு. சாதாரணமாக, மெதுவாக. திரும்பினேன். இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

அந்தச் சந்தோஷத்திலேயே சைக்கிளை எடுத்து ஒரு சுற்றுப் போனேன். ஐயோ! ஐயோ! தகரத்தை ஆணியால் கீறிக்கொண்டே போகிற மாதிரி ஒரு கூப்பாடு. இதையா பூனை என்று எழுதினேன்? இதைக் கட்டிக்கொண்டா விடியும் முன்னால் தெருவையே உலுக்கினேன்? நாய் துரத்தியதில் தப்பேயில்லை. நானாக இருந்தால் கடித்திருப்பேன்.

இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். டீச்சர் வீட்டில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, அதனால்தான் மகள் விடியும் முன்னாலேயே எழுந்து படித்துப் பரீட்சையில் தேறினாள் என்றார். எவ்வளவு நல்ல மனசு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்தேன். டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு, இழுப்பறையில் கிடக்கும் பேட்டரி விளக்கையே மாட்டிவிடுவது என்று தீர்மானம். மச்சினன் என்ன கேலி செய்தாலும் செய்துகொள்ளட்டும்.

அவள் காபியோடு வந்தாள். என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கித் தரையில் வைத்தாள்.

"கழட்டாதீங்க."

"இந்தச் சத்தத்தையா?"

"அந்தச் சத்தத்தத்தான். பேட்டரி அணைஞ்சு போன அன்னைக்கி எவ்வளவு நேரம் கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னேன் தெரியுமா? இது வந்ததுக்கப்புறம் நிக்கறதே இல்ல. நீங்க தொட்டி முனையில திரும்பும்போதே கேட்டுடும். அப்பாடான்னு எழுந்து டீ வைப்பேன்."

நான் காபியைக் குடித்தேன். அன்றைக்குக் கேட்டருகே கோபம் என்று நினைத்தேனே, அது கோபமேயில்லை.

மத்தியானம் மச்சினனைக் கூப்பிட்டு இரண்டையும் மாட்டிவிட்டோம். "கடைசியில பேட்டரிதான் ஜெயிச்சது, ஒத்துக்கோங்க அத்தான்" என்றான். காதில் பாதி, ஹாண்டில்பாரில் பாதி, போதுமடா உன் வெற்றி என்றேன். ஏற்பாடு இதுதான்: காலையில் தெரு தூங்கும்போது பேட்டரி. டைனமோவை ஒரு தட்டு தட்டினால் சக்கரத்தை விட்டு விலகிக்கொள்ளும். ராத்திரி திரும்பும்போது பெரிய ரோடெல்லாம் பேட்டரி, தொட்டி முனை வந்ததும் டைனமோவைச் சாய்த்துவிட வேண்டும். டீச்சர் வீட்டிலும் சொல்லிச் சம்மதம் வாங்கியாயிற்று. நாயிடம் மட்டும் இன்னும் பேசவில்லை.

நவம்பர் 26, புதன்

முனையில் டைனமோ கத்தத் தொடங்கியது. நாயும் கத்தியது. வீட்டு வாசலில் இறங்கும்போது அடுப்படியில் டீ வடிகட்டுகிற சத்தம், எனக்கே, வெளியிலிருந்தே கேட்டது.

நவம்பர் 29, சனி

சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசினாள். மூன்று வருஷ பாக்கி. தம்பி மனைவியோடு வந்த மனஸ்தாபம், அது தீர்ந்த கதை, மாடிவீட்டுக்காரர் குடிபெயர்ந்ததன் உண்மைக் காரணம் - ஒன்றுமே எனக்குத் தெரியாது. நடுவில் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. காதைக் கழற்றி வைக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கழற்றவில்லை.

டிசம்பர் 3, புதன்

இன்று எழுத நேரமில்லை. ஒரு கதை பாதியில் நிற்கிறது, மீதியைக் கேட்க வரச் சொல்லி உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். ஒரே தடவைதான் கூப்பிட்டாள்.