கெட்ட கண்டாக்கு

என் பாசத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உரிய மாப்பிள்ளை முருகேசுவுக்கு,

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. ஹட்டனில் நம் ரேடியோ திருத்தும் கடை அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் இன்னும் வாசலில் நின்றே, "முருகேசண்ணன் இல்லீங்களா?" என்கிறார்கள். இறந்துவிட்டார் என்றால், "அப்ப பொறவு வர்றோம்" என்று போய்விடுகிறார்கள். செத்தவனுக்காகக் காத்திருக்கத் தயார். உயிரோடு உட்கார்ந்திருக்கும் என்னிடம் ரேடியோவைக் கொடுக்கத் தயாரில்லை.

உன் மகள் மலர் கணினி வகுப்பிலிருந்து ஒரு சீடி கொண்டுவந்தாள். மின்சுற்று வரையும் மென்பொருள், ஒன்றும் தெரியாதவர்களுக்காகவே செய்தது. திரையில் துளைகள் நிறைந்த பலகையின் படம் வருகிறது. ஓரத்திலிருந்து ட்ரான்சிஸ்டரையும் பேட்டரியையும் மவுஸால் இழுத்து வைக்கலாம்; வயருக்குப் பிடித்த நிறம் கொடுக்கலாம். பிழை விட்டால் அழிக்கலாம், புகை வராது. நான் வருடக்கணக்கில் விரலைச் சுட்டுக்கொண்டு கற்றதை ஒரு பிற்பகலில் பிடித்துவிட்டாள். உன்மேல் வைத்திருந்த பொறாமையில் பாதியை அந்தச் சீடிக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவள் முதலில் வரைந்தது உன் மழை மணியை. தோட்டத்து லய வீட்டு வாசலில் காயும் துணிகளுக்காக நீ தேயிலைப் பைத் தாளில் வரைந்தாயே, அதுதான். இரண்டு செப்புத் தகடுகளுக்கு இடையே மழைத்துளி விழுந்தால் மணி அடிக்கும். திரைப் படத்தைப் பார்த்து நிஜப் பலகையிலும் செருகினாள். மழை இல்லாமலே மணி அடித்தது, நிற்கவேயில்லை. ஹட்டனில் அப்படி ஒரு மணி வருடத்தில் பாதி நாள் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் பள்ளிக் கண்காட்சி.

"அப்பா தப்பா வரைஞ்சிட்டாரு போல, மாமா." தாளை என்னிடம் நீட்டினாள். "நீங்க திருத்திக் குடுங்க. ஒங்க பேரையே போட்டுடுறேன்."

தாளைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. தகடுகளுக்கு நடுவே உன் கோழிக் கிறுக்கலில் 'கெட்ட கண்டாக்கு' என்று இருந்தது. நினைவிருக்கிறதா? ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து, "செம்பு நல்ல கண்டக்டர்" என்று நான் வாசித்தேன். தோட்டத்தில் நம் அம்மாக்களை விரட்டிய மேற்பார்வை ஐயாவுக்கும் அதே பெயர்தானே, நம் வாயில் கண்டாக்கு. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"நல்ல கண்டாக்கா? எந்தத் தோட்டத்துல, மச்சான்? நாம அங்க பேர் பதிஞ்சிக்குவோம்!"

அன்றிலிருந்து நம் கடையில் மின்சாரத்தை விடும் செம்பு நல்ல கண்டாக்கு. விடாத பிளாஸ்டிக் கெட்ட கண்டாக்கு. மலருக்கு இது எப்படித் தெரியும்? பழுதான வயர் என்று எண்ணி, அந்த இடத்தில் புதிதாக ஒரு சிவப்பு வயரை இழுத்துவிட்டிருந்தாள்.

நான் சொல்லவில்லை. "பாப்போம்மா" என்றேன். முருகேசுவும் பிழை விடுவான் என்று ஒரு பிள்ளை நம்புகிறாள், அதுவும் உன் பிள்ளை! அன்று மாலை முழுவதும் அதை மிட்டாய் போலச் சப்பிக்கொண்டிருந்தேன்.

காலையில் உன் வீட்டுக்குப் போனபோது அவள் திரையில் தலைப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். 'அப்பாவின் மழை மணி'யில் 'அப்பாவின்' எழுத்து எழுத்தாக அழிந்துகொண்டிருந்தது. மிட்டாய் கசந்துவிட்டது.

"சிவப்பு வயரத் தூக்கும்மா," என்றேன். "அங்க வயரே கெடையாது. கெட்ட கண்டாக்குன்னா பிளாஸ்டிக்."

திரையிலும் பலகையிலும் தூக்கினாள். மணி ஓய்ந்தது. பிளாஸ்டிக் துண்டை வைத்து, விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டாள். அடித்தது. அடுப்படியில் இருந்த என் தங்கை கமலா, "ஐயோ, துணி!" என்று வாசலுக்கு ஓடினாள்.

வெளியே நல்ல வெயில். உன் மனைவி கொடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். நான் செய்த எதற்கும் யாரும் அப்படி ஓடியதில்லை, மாப்பிள்ளை.

உன் தாள்கள் ஒரு கட்டு என்னிடம் இருக்கின்றன. ஒரு சொல்லையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் மலருக்கு வாசித்துக் காட்டுவேன். பொறாமையை விட்டுவிடுவேன் என்று மட்டும் வாக்குக் கேட்காதே.

அங்கே உனக்கு வாய்த்த கண்டாக்கு எப்படி? நல்லவனா?

கடையில் உன் முக்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்காத
உன் மச்சான்