ஒரு அடிக்கு எத்தனை அடி

உன் மனைவி செல்வி இன்று காலை அந்த வி.ஆர். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். நெற்றியில் படும் பஞ்சுப்பட்டையில் உன் திருநீறு அப்படியே அப்பிக்கிடக்கிறது. ஈரத்துணியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். துடைக்க மனம் வரவில்லை. மதியத்துக்குள் முடிக்க வேண்டிய வேலையைப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறவனை நீ எப்படியெல்லாம் ஓட்டுவாய் என்று தெரியும். ஓட்டிக்கொள்.

கல்லூரி நாளிலிருந்து பௌர்ணமி தவறாமல் சேர்ந்தே மலை சுற்றியவர்கள் நாம். பதினான்கு கிலோமீட்டரும் நீ பேசிக்கொண்டே வருவாய். நான் மூச்சிரைத்துக்கொண்டே ‘உம்’ கொட்டுவேன். அப்படிப்பட்ட உனக்கு இதயம் பலவீனமாகி, வீட்டுக்குள் பத்து அடி வைத்தாலே உட்கார வேண்டும் என்றானது. அடி அண்ணாமலையில் உன் வீட்டு வாசலிலேயே கிரிவலக் கூட்டம் போகும். நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். “எல்லாரும் என்ன ஓவர்டேக் பண்ணிட்டுப் போறாங்கடா” என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்ப்யூட்டருக்குள் ஆட்களை நடக்கவைப்பது என் பிழைப்பு. செங்கம் ரோட்டு வாடகை அறையில் உட்கார்ந்து யார் யாருக்கோ செய்கிறேன், உனக்குச் செய்யமாட்டேனா? கிரிவலப் பாதை முழுக்க, வழியிலுள்ள லிங்கக் கோயில்களோடு, படம் பிடித்து இந்தக் கண்ணாடிக்குள் ஏற்றினேன். அது சுலபம். அத்தனை தூரத்தையும் உன் வீட்டுக் கூடத்துக்குள் எப்படி நடப்பது என்பதில்தான் சிக்கல். முதலில், கையிலுள்ள கருவியில் குச்சியைத் தள்ளினால் பாதை நகரும்படி வைத்தேன். உடம்பு உட்கார்ந்திருக்க, கண் மட்டும் போனால் தலை சுற்றும். “வாந்தி வருது, கழட்டுடா” என்று கத்தினாய். அடுத்து, கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினால் காட்டிய இடத்தில் போய் நிற்கும்படி மாற்றினேன். “அக்னி லிங்கத்துலேர்ந்து எம லிங்கத்துக்குக் குதிச்சா அது கிரிவலமா? அதுக்கு ஆட்டோவுலயே போயிடலாமே” என்றாய்.

கடைசியில் நிஜமாகவே நடக்கிற வழிக்கு வந்தோம். கட்டிலை நகர்த்தினோம். சுவர் நெருங்கினால் மணி அடிக்கும். நீ நின்று திரும்புவாய். காட்சியும் உன்னோடு சேர்ந்து திரும்பிவிடும். அதனால் பாதை எப்போதும் உனக்கு முன்னால், மலை எப்போதும் உன் வலது கைப்பக்கம். “மலையையே இழுத்துக்கினு திரும்புறேன் பாரு” என்று அன்று முழுக்க அளந்தாய்.

ஆனால் பத்து அடி, நாற்காலி, பத்து அடி, நாற்காலி. அப்படியே போனால் அக்னி லிங்கம் வருவதற்கே மாதக்கணக்காகும். உன் முகம் வாடியது. நீ வைக்கும் ஒரு அடிக்குப் பாதை இரண்டு அடி நகரும்படி மாற்றினேன். எங்கள் தொழிலில் இது சாதாரணம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் நடப்பவருக்குத் தெரிவதில்லை. உனக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து இன்னும் சற்றுக் கூட்டினேன்.

“போன வாரம் ஆசிரமமே தாண்டல. இன்னிக்கி எம லிங்கம் போயிட்டேன்டா! மூச்சு வாங்குறது கம்மி ஆயிடுச்சு.” செல்வி பாயசம் வைத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கோழை என்கிறாயா? கோழைதான்.

ஒரு நாள் காலையில் செல்வி போன் செய்தாள். “அண்ணா, பெரிய கோயில்லேர்ந்து நடக்கப் போறேன்னு பஸ் ஏறிட்டாருண்ணா. நல்லா தேறிட்டேன்றாரு. நான் சொன்னா எங்க கேக்குறாரு?” வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். ராஜகோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பூக்கடை ஸ்டூலில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாய். உதடு வெளுத்திருந்தது. பூக்காரம்மா விசிறிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம்தான் உன்னால் வர முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் கேட்டாய். “ஒரு அடிக்கு எத்தினி அடி வச்சிருந்த?”

“ஒண்ணுக்கு ஒண்ணுதான்டா.”

நீ வெளியே பார்த்தாய். “அப்ப ரோடுதான் நீண்டுபோச்சு போல” என்றாய். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நம்பினாயா, தெரிந்தே என்னைத் தப்பவிட்டாயா? இன்றுவரை பிடிபடவில்லை. அதன் பிறகு கண்ணாடியை நீ தொடவே இல்லை. அடுத்த மாதம் போய்விட்டாய். அந்த நடையால் இல்லை என்றார் டாக்டர். நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையேதான் சொன்னார். தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

இன்று செல்வி வாசலில் நின்றபடி, “கடைசியா இதுலதான் சந்தோஷமா இருந்தாருண்ணா. எங்கம்மாவுக்கு முட்டி வலி. அவங்களுக்கும் ஒருவாட்டி போட்டுவுடுங்களேன்” என்றாள். அவள் நன்றியோடு பார்த்த பார்வை தாங்கவில்லை.

“இதுல ஒரு அடி வச்சா நாலு அடி போவும் தங்கச்சி” என்றேன்.

“அவருக்குமா?”

“ஆமா.”

அவள் கத்தவில்லை. “அன்னிக்கே சொல்லியிருந்தா பஸ் ஏறியிருக்க மாட்டாரு இல்லண்ணா?” என்று மட்டும் கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போதெல்லாம் யாருக்குச் செய்தாலும் ஒரு அடிக்கு எத்தனை அடி என்ற எண்ணைத் திரையின் மூலையில் பெரிதாகப் போட்டுவிடுகிறேன். மாயமே போச்சு என்று மேலாளர் திட்டுகிறார். திட்டட்டும். ஆனால் அதைச் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்க முடியாது. செல்வியிடம்கூட நான் குறைத்துத்தான் சொன்னேன். நீ பஸ் ஏறிய அந்த வாரம், ஒரு அடிக்கு ஆறு.