பற்றவைக்காத அடுப்பு

பலாங்கொடை
2006 வைகாசி

அன்பான வீட்டுக்காரிக்கு,

குவைத் வெயில் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே நம்முடைய வீடு முடிந்துவிட்டது. தேயிலைத் தோட்டம் கொடுத்த இடத்தில் பாழடைந்து நின்ற மாட்டுப்பட்டி இதுதான் என்றால் நீயே நம்பமாட்டாய். அதன் மரங்களைத்தான் கூரைக்குப் போட்டேன். சுவர் முழுக்க அந்த இடத்து மண்ணையே அழுத்திச் செய்த கல். மத்தியானத்திலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது.

குடிபுகும் வழக்கப்படி முதலில் பசுவை உள்ளே விட்டோம். செவலையை யாரும் இழுக்கவே இல்லை. தானே நுழைந்து, பட்டியாக இருந்தபோது அதைக் கட்டியிருந்த மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. அதுதான் இப்போது நம்முடைய படுக்கையறை! மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

புது அடுப்பு செவலையின் சாணியிலிருந்து வரும் கேஸில் எரியும். இனி உனக்குப் புகையும் இல்லை, இருமலும் இல்லை.

அன்று பால் காய்ச்சத் தங்கச்சி ஜீவராணி பானையோடு வந்தாள்.

"அண்ணே, அண்ணி இன்னும் ரெண்டு வருசம் அங்கயே இருக்கவான்னு கேட்டு எழுதியிருக்காங்களே. நானே அடுப்பப் பத்தவச்சிறவா?"

"வெளிய மூணு கல்லு வச்சுக் காய்ச்சு" என்றேன்.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றி யோசித்துப் பிறகு எழுதுகிறேன். சமையல் இன்னும் வெளியேதான். மழை வந்தால் மகள் குடை பிடிக்கிறாள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

புது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து, தீப்பெட்டியை வைத்திருக்கிறேன். உன் கைக்கு எட்டும் உயரம்தான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்