ஸ்டெபிலைசர் என்று நான் சொன்ன பெட்டி

மச்சான்,

நேற்று பீரோவை நகர்த்தினோம், நானும் உன் அக்காவும். எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் நூற்று இருபதைத் தாண்டும். பீரோவோ பல்லவர் காலத்து இரும்பு. அரை அடி நகர்ந்ததற்கே ஆனித் தேரைத் தனியாளாக இழுத்துவிட்ட இறுமாப்பு எனக்கு வந்துவிட்டது. பின்னால் ஒட்டடை, பல் உடைந்த சீப்பு, காய்ந்துபோன ஒரு பல்லி, அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் நிற ரிமோட். பின்மூடியைக் கழற்றினேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அந்தக் காரவாடை கிளம்பியதும் உன் அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் போக இடமில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இந்த ரிமோட் எதற்கானது என்று நீ இருந்தவரை நான் என் வாயால் சொல்லவே இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், கழுத்துப்பட்டை கட்டிய இருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நம் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். டிவி போட்டதும் அவரவர் பட்டனை அமுக்க வேண்டும். ஒன்று எனக்கு, இரண்டு உன் அக்காவுக்கு, கடைசிப் பட்டன் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு. யாரும் அமுக்காவிட்டால் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஆளில்லாத அறையில் டிவி ஓடியதாக எடுத்துக்கொள்வார்கள். "சார், யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சொந்தக்காரங்ககிட்டகூட மூச்சு விடக்கூடாது" என்றான் ஒருவன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வருவாய்த் துறையில் முப்பது வருஷம் கோப்பு தள்ளியவனை ஒரு தாசில்தார்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போதோ நான் கொட்டாவி விட்டால் கடலூர் ஜில்லாவே கொட்டாவி விட்டதாக அர்த்தம். திட்டக்குடியிலும் சேத்தியாத்தோப்பிலும் உள்ள குடிமக்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து நான் பார்த்தேன், நான் சிரித்தேன், நான் சேனல் மாற்றினேன். அசோகனுக்குக்கூட அவ்வளவு அதிகாரம் இருந்திருக்காது.

அடுத்த வருஷம் உன் தொடர் வந்தது.

சிதம்பரம் கீழவீதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன் நீ. அந்த வேலையை விட்டுவிட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை இரவு எட்டு மணித் தொடருக்குக் கதை வசனம் எழுதப்போகிறேன் என்று வந்து நின்றாய். பஸ் நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்தை மைக்கில் அறிவிக்கும் ஒரு பெண்ணின் கதை. ஊருக்கே அவள் குரல் தெரியும். முகம் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் நினைவு தப்பிய அப்பா. நீ கதையைச் சொல்லி முடித்ததும் நான் எழுந்து உன்னைக் கட்டிக்கொண்டு, "மச்சான், சோழனுக்கப்புறம் சிதம்பரத்துக்குப் பெருமை ஒன்னாலதான்" என்றேன். நீ வெட்கப்பட்டாய். உன் அக்கா மட்டும், "சண்ட உண்டாடா அதுல?" என்று கேட்டாள்.

இல்லை என்றாய்.

முதல் இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் பார்க்கவில்லை. காரணங்களை அடுக்க வேண்டும் என்றால் என்னைப்போல் அடுக்க ஆள் கிடையாது. அதே எட்டு மணிக்கு எதிர்ச் சேனலில் ஒரு மாமியார் இருந்தாள். அவள் புருவம் மேலே ஏற மூன்று நாள், இறங்க ஒரு வாரம். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பதினெட்டு இடி முழக்கம். உன் அக்கா அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டே அந்தத் தொடரைக் காதாலேயே பார்த்துவிடுவாள். இடி இடித்தால் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள், வீணை வாசித்தால் யாரோ கர்ப்பம். உன் தொடரிலோ அந்தப் பெண் அப்பாவுக்கு நகம் வெட்டிவிடுவாள். ஐந்து நிமிஷத்துக்கு நகவெட்டிச் சத்தம்தான். உன்னிடமே அவள் போனில் சொன்னாள்: "ஏண்டா, ஒன் சீரியல்ல யாருமே பேச மாட்டேங்கறாங்க. கரண்டு போயிருச்சோன்னு கரண்டியோட வந்து வந்து பாத்துட்டுப் போறேன்." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இப்போது யோசித்தால் அதைவிட நேர்மையான விமர்சனம் உனக்கு வரவே இல்லை.

மற்றவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். சென்னைப் பத்திரிகைகளில் பாதிப் பக்கம் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு ஊரில் எல்லோரும் புகழ்ந்தார்கள். எல்லோரிலும் பெரிய குரல் என்னுடையது. சனிக்கிழமை தவறாமல் நீ போன் பண்ணுவாய்.

"நேத்து பாத்தீங்களா மாமா?"

"பாத்தீங்களாவா! கண்ணுத் தண்ணி நிக்கல மச்சான். ரெண்டு துண்டு மாத்துனேன். கெடிலத்துல வெள்ளம் வந்துரப் போவுதுன்னு கலெக்டரு ஆளனுப்பிட்டாரு."

"எந்த எடம் புடிச்சிது?"

"அந்த மவுனம் வருது பாரு, அது."

உன் தொடரில் எந்த நாளை எடுத்தாலும் ஒரு மவுனம் இருக்கும் என்கிற தைரியம்தான். நீ "ரொம்ப சந்தோசம் மாமா" என்பாய். புகழ்ந்து முடித்ததும் எனக்கே பார்த்துவிட்ட நிறைவு வந்துவிடும். பார்க்க வேண்டுமென்றால் தினமும் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். புகழ்வதற்கு வாய் மட்டும் போதும். எனக்கு அது கொஞ்சம் பெரியது. நல்ல தொடர்கள் ஏன் கவனிப்பாரில்லாமல் போகின்றன என்று பெரியவர்கள் எழுதிய கட்டுரைகளை நீ வெட்டி வைத்திருந்தாய். ஒன்றிலாவது என்னைப் பற்றி இருந்ததா, தெரியாது.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் கடலூர் வந்துவிட்டாய். சட்டைக் காலர் கசங்கி, முகம் இரண்டு சுற்று சிறுத்திருந்தது. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே சொன்னாய்.

"நிறுத்தப் போறாங்களாம் மாமா. மத்த ஊர்லயாச்சும் கொஞ்சம் பேரு பாக்கறாங்களாம். கடலூர்ல ஒருத்தன்கூட பாக்கலையாம். நம்ம ஊருக் கதை மாமா இது."

"கரண்டு இல்லாத நேரமா பாத்து கணக்கு எடுத்திருப்பானுங்க" என்றேன்.

"கரண்டு எட்டு மணிக்கு இருக்குது மாமா. அந்த மாமியார மட்டும் பாக்கறாங்கல்ல? ஏதோ பொட்டியாம். சில பேரு வூட்டுல வெச்சிருக்காங்களாம். யாரு வூடுன்னு தெரிஞ்சா போயிக் காலுல வுழுந்துருவேன். ஒரு மாசம் பாருங்கய்யா, புடிக்கலன்னா வுட்டுருங்கன்னு."

உன் தலைக்கு நேர் பின்னால் இருந்தது அந்தப் பெட்டி. உன் அக்கா என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். நீ காப்பி டம்ளரை வைக்கத் திரும்பி, "இது என்னா மாமா புதுசா?" என்றாய்.

"ஸ்டெபிலைசர் மச்சான். கரண்டு ஏறி ஏறி எறங்குதுல்ல, அதுக்கு."

ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பெட்டி இங்கே இருக்கிறது என்று சொன்னால், அந்த ஒருத்தன்கூடப் பார்க்காத கடலூர் நான்தான் என்றும் சொல்ல வேண்டும். இரண்டு துண்டுகளையும் கெடில வெள்ளத்தையும் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை.

எட்டு மணி ஆயிற்று. மூன்று பேரும் உட்கார்ந்தோம். உன் அக்கா பழக்கத்தில் இந்தச் சின்ன ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டாள். நான் கண்ணால் அதட்டினேன். அவள் அதை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். உன் தொடர் ஆரம்பித்தது.

அன்றைக்கு அந்த அப்பா யாருக்கும் தெரியாமல் பஸ் நிலையத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு முறை திட்டக்குடி வண்டியை அறிவிக்கும்போதும் எழுந்து நிற்கிறார். எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோய் மறுபடி உட்கார்கிறார். மைக் அறைக்குள் இருக்கும் மகளுக்கு அவர் வந்திருப்பதே தெரியாது. அவருக்கும் அந்தக் குரல் யாருடையது என்று தெரியாது. அவள் அறிவிக்கிறாள், அவர் எழுகிறார். அவ்வளவுதான் மச்சான் அந்த அரை மணி நேரம். தோசைக்கல்லில் தோசை கருகி வாடை வந்தது; உன் அக்கா அசையவில்லை. நான் துண்டைத் தேடினேன். அது வேறு எங்கோ இருந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டேன். முதல்முறையாக உன்னைப் புகழ என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்த அரை மணி நேரமும் பெட்டியின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. யார் பார்க்கிறீர்கள், யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் பட்டனை அமுக்கவில்லை. நாம் மூன்று பேர் மூச்சுவிடாமல் பார்த்த ஒரே நாள், ஆளில்லாத வீடு என்று பதிவாகிவிட்டது.

"ஒங்க ஸ்டெபிலைசர் என்னா மாமா இப்பிடி கண்ணடிக்குது?" என்றாய்.

"ஒன் கதாநாயகி மேல அதுக்கு ஒரு கண்ணு" என்றேன். நீ சிரித்தாய். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாய்.

மறுநாளிலிருந்து தினமும் பார்ப்பது என்று நானும் அவளும் முடிவு செய்தோம், சத்தியமாக. ஆனால் மறுநாள்தான் எதிர்ச் சேனலில் மாமியார் பாயசத்தில் என்ன கலந்தாள் என்று தெரியவிருந்தது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும், என்றாள் உன் அக்கா. ஒரு நாள்தானே, என்றேன் நான். இரண்டு பேரும் ஒழுங்காகப் பட்டனை அமுக்கினோம்.

அந்த மாதக் கடைசியில் உன் தொடரை நிறுத்தினார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்த மேனிக்கே கதை நின்றது. அடுத்த வருஷம் விருதுக்கு விண்ணப்பப் படிவத்தோடு வந்தாய். நிபந்தனைகளில் எட்டாவதை விரலால் காட்டினாய். பாதியில் நின்றுபோன தொடர்கள் விண்ணப்பிக்கக் கூடாது. "பாதிப் பரீட்ச எழுதுனவனுக்குப் பட்டம் குடுப்பாங்களா மாமா? நாயந்தான்" என்று சொல்லி, படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாய். அந்த வருஷ விருது யாருக்குப் போனது என்று உனக்கும் தெரியும். அவள் மேடையில் புருவத்தைத் தூக்கிக்கொண்டே வாங்கினாள். நீ அச்சகத்துக்குத் திரும்பினாய். உன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததால் உனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

மார்கழி நடுவில் புயல் வந்து காடாம்புலியூர்ப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. இங்கே வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இருட்டிக் கிடந்த வீட்டில் பெட்டிக்கு வேலை இல்லை என்று வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ரிமோட் கிடைக்கவில்லை. போனால் போகிறது என்றார்கள்.

சித்திரையில் நீ படுத்தாய். ஒரு சொட்டு குடிக்காதவனுக்குக் கல்லீரல் கெட்டுப்போனதாம். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நான் கஞ்சித் தூக்கோடு வந்தபோது உன் அக்காவின் அழுகைச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"அந்தப் பொட்டி நம்ம வூட்டுலதான்டா இருந்துது."

"தெரியும்க்கா."

"தெரியுமா? யாரு சொன்னாங்க?"

"ஸ்டெபிலைசருக்கு ஏதுக்கா ரிமோட்டு? நீ முந்தானையில ஒளிச்சியே."

"அப்ப ஏண்டா கேக்கல? காலுல வுழுவேன்னியே பாவி."

நீ மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது அறைக்கு வெளியே நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. "கேட்டா பாத்திருப்பீங்கக்கா. எனக்காவ பாத்திருப்பீங்க. அதுக்கு நான் கல்யாணப் பத்திரிகையே எழுதியிருக்கலாம். சொந்தக்காரங்க எல்லாம் அதத் தப்பாம படிக்கறாங்க."

நான் கொஞ்ச நேரம் கழித்து, அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்தவன்போல் இரைந்து மூச்சுவிட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். நீ என்னைப் பார்த்து, "வாங்க மாமா. கஞ்சியில உப்பு ஜாஸ்தியா போட்டீங்களா, இல்ல பத்தியமா?" என்றாய். அப்போதாவது பெட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். தேவேந்திரனே தன் கையால் கடைந்தெடுத்த கஞ்சி என்று ஏதோ உளறினேன். ஒன்பது நாள்தான் இருந்தாய்.

மிச்சக் கதையை எழுதி வைத்திருப்பாய் என்று உன் அக்கா உன் அறையில் தேடினாள். பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரிகள்தான் கிடைத்தன. அந்த அப்பா திட்டக்குடிக்குப் போனாரா, அங்கே அவருக்கு யார் இருந்தார்கள், மகள் மைக் அறையை விட்டு வெளியே வந்து பார்த்தாளா என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை. மூன்றே நாள் பார்த்தவன் என்ன கேட்பது? எதிர்ச் சேனல் மாமியார் மட்டும் இன்னும் சாகவில்லை. எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இடிச் சத்தம் வருகிறது. உன் அக்கா அந்த நேரத்தில் டிவி போடுவதில்லை, தோசையும் சுடுவதில்லை.

உன் காரியம் முடிந்து திரும்பிய அன்று, சிதம்பரம் பஸ் நிலையத்தில் கடலூர் வண்டிக்காக உட்கார்ந்திருந்தோம். மைக்கில் ஒரு பெண் குரல் திட்டக்குடி வண்டியை அறிவித்தது. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். உன் அக்கா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்: "ஒக்காருங்க, நம்ம வண்டி இல்ல." உட்கார்ந்தேன். அதற்கப்புறம் எப்போது அங்கே போனாலும் அப்படியே ஆகிவிடுகிறது. அந்தக் குரல் சொல்கிறது, நான் எழுகிறேன். ஒரு கணம் நிற்கிறேன். உட்கார்கிறேன்.

அத்தனை கூட்டத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை, மச்சான்.