நான் பெத்த தேதி

மஸ்கட்

பிரியா அப்பாவுக்கு அஞ்சலாட்சி எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி தேவலையா? போன்ல பேசினா ஸ்பீக்கர்ல போட்டுடுறீங்க, உங்க அண்ணனும் கேட்டுக்கினு இருக்கார். அதான் ஊருக்கு வர்ற கோட்டக்குப்பம் பாய்கிட்ட இதைக் குடுத்து அனுப்புறேன்.

பத்தாவது ரிசல்ட் வந்த அன்னிக்கு, அடுப்பை அணைச்சிட்டு போனோட உக்காந்தேன். பிரியா பரிட்சை நம்பரையும் பொறந்த தேதியையும் போட்டா, அப்படி யாருமே இல்லன்னு வருது. பெயிலானா பேரையே எடுத்துடுவாங்களோன்னு ஆடிப்போயிட்டேன்.

அப்புறம் உங்க அண்ணன் போன் பண்ணி சிரிக்கிறார். "ஆகஸ்டுன்னு போட்டியாம்மா? ஸ்கூல்ல சேக்கும்போதே வயசு பத்தலன்னாங்க, மே மாசம்னு மாத்திட்டேன். ஒரு வருஷம் மிச்சம் பண்ணிக் குடுத்தேன்."

விழுப்புரம் ஆஸ்பத்திரில நான் வலியில கத்தினப்ப வெளிய டீ குடிச்சிக்கினு இருந்த மனுஷன், நான் பெத்த தேதியை மாத்திட்டு பெருமையா சொல்றார். மார்க்கையும் முதல்ல அவரே பாத்து, தானே பரிட்சை எழுதின மாதிரி ஸ்டேட்டஸ் போட்டுக்கினார். ஸ்கூல்ல சேத்த பாரத்துல கையெழுத்து போட்டது நீங்கதானாம். படிச்சிப் பாக்கவாவது செஞ்சீங்களா?

போவட்டும். இங்க விக்கிற வேர்க்கடலை நம்மூரு மல்லாட்டை மாதிரி இல்ல; பாய் திரும்பும்போது வறுத்தது கொஞ்சமும், மார்க் சீட்டு ஜெராக்ஸ் ஒண்ணும் குடுத்து விடுங்க. அதுல தேதிய மட்டும் பேனாவால அடிச்சிடுங்க.

பாய் கெளம்புறதுக்கு வாசல்ல நிக்கிறார். ஒவ்வொரு ஆகஸ்டும் நான் போன்ல வாழ்த்து சொன்னா, பிரியா "சரிம்மா"ன்னு மட்டும்தான் சொல்றா. உங்க அண்ணன் இல்லாதப்ப கேட்டு சொல்லுங்க. அவ பொறந்தது எப்பன்னு அவளுக்காவது தெரியுமா?

அஞ்சலாட்சி