குடல் கழுவுவதற்கு ஆயிரம் பெயர்

என் அன்புக் கணவர் செமிசிக்கு,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? கர்த்தர் கிருபையில் நான் நலம். குயின்ஸ்லாந்துக் குளிரில் மூக்கடைப்பு மட்டும்தான். அதுவும் நல்லதுக்கே, கறி ஆலையின் நாற்றம் தெரிவதில்லை.

இங்கே வேலைக்கு எத்தனை பெயர்! ஆபீஸில் தேநீர் குடிக்கிறவர்கள் திங்கட்கிழமையானால் 'கிரைண்ட்' என்று அலுத்துக்கொள்வார்கள். பாடுபட்டாலும் ஒருநாள் முடிந்துவிடும் வேலை 'ஸ்லாக்'. அதைப் பெருமையாகச் சொல்வார்கள். முடிவே இல்லாமல், யார் கண்ணிலும் படாமல் உழல்வது 'டிரட்ஜரி'. அது நாங்கள் மாட்டுக்குடல் கழுவும் தொட்டி. அந்தச் சொல் மட்டும் மேற்பார்வையாளர் டாரலின் வாயில் வராது.

போன ஞாயிறு நம்மூர் வழக்கப்படி உடைக்கு மேல் இடுப்பில் பாய் சுற்றிச் சர்ச்சுக்குக் கிளம்பி நிற்கிறேன், டாரல் வந்துவிட்டான்.

"தொட்டி அடைச்சிக்கிச்சு. சின்ன 'சோர்'தாம்மா, வீட்டுவேலை மாதிரி. வந்து எடுத்து விட்டுட்டுப் போயிடு."

"எங்க டோங்காவுல ஞாயித்துக்கிழமை வீட்டுவேலையும் கிடையாது சார். வீட்டுவேலைதானே, உங்க வீட்டம்மாவ அனுப்புங்களேன்."

"ஐயோ, அவளுக்குக் குமட்டும்!"

சொன்ன பிறகுதான் அவன் முகம் சிவந்தது. நான் சர்ச்சுக்குப் போய்விட்டேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. அந்த அடைப்பு ஊறி நுரைத்து எனக்காகவே திங்கட்கிழமை வரை காத்திருந்தது. எனக்குக் குமட்டாது என்று யார் சொன்னது?

தேங்காய் எண்ணெய் ஒரு புட்டி அனுப்புங்கள். சோப்புக்கெல்லாம் இந்தக் கை நாற்றம் மசியவில்லை. கூடவே உங்கள் தலையணை உறை ஒன்று.

ஆலை பஸ் வந்துவிட்டது.

உங்கள் லோசா

உறையைத் துவைத்துவிடாதீர்கள்.